அறுத்துவிட்டேன்

நான் செத்துப்போய் இருபத்தாறு வருடம் ஆகிறதாம். செல்போன் சொன்னது. செத்தேன் என்பதோடு விட்டதா? எப்படிச் செத்தேன் என்பதையும் விலாவாரியாகச் சொன்னது: கட்டிய புருஷன் கையால், கழுத்தறுபட்டு, ஊரார் கண்முன்னே. அப்போது நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தக்காளிச் சோறு தின்றுகொண்டிருந்தேன். புரையேறிவிட்டது. செத்தவளுக்குப் புரையேறுமா என்று அந்தச் சனியனையே கேட்கலாம்போல இருந்தது. எதிரே ஒரு பெண் அழுதுகொண்டு நின்றதால் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பெயர் தவமணி. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி வாசலில் நின்று வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே வந்திருந்தாள். அங்கே செக்கிங் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். தைத்து வரும் துணிகளில் ஓட்டை இருக்கிறதா, பிசிர் நூல் தொங்குகிறதா என்று பார்த்துச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுகிற வேலை. அங்கே எல்லாருக்கும் நான் பத்மாவதி அக்கா. இவள் வந்ததும் வராததுமாக, "பேச்சியம்மா நீங்கதானே?" என்றாள். அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டுக் காலங்கள் ஆகிவிட்டன.

"நீ யாரு?"

"ஒச்சப்பன் மக. உங்களுக்கு அடுத்து எங்கம்மாவைக் கட்டுனாக. நீங்க எனக்குப் பெரியம்மா முறை."

ஒச்சப்பன் என் முதல் புருஷன். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். இப்போது ஆண்டிபட்டிப் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாராம். ஓட்டுகிறாராம் என்ன, ஓட்டினாராம். ஒரு மாதமாக வேன் வீட்டு வாசலில் நிற்கிறது.

"பிள்ளைகளை ஏத்தி விடுற அம்மாக்கள்ல ஒருத்தர் விடைகிட்ட கேட்டிருக்காக, 'எங்க வேன் டிரைவர் எப்படிப்பட்டவரு'ன்னு. அதுக்கு இது சொன்ன பதிலைத்தான் நீங்க கேட்டீங்க. மறுநாள் ஒரு பிள்ளைகூட வரல பெரியம்மா. ரெண்டாவது நாள் வேன் கண்ணாடில கல்லு விழுந்துச்சு."

விடை என்றால் என்ன என்று இன்றைக்குக் கைக்குழந்தைக்கும் தெரியும். முன்பெல்லாம் போனில் எதையாவது தேடினால் ஆயிரம் பக்கத்தைக் கொட்டும். பொறுக்கிக்கொள்வது நம் பாடு. விடை அப்படியில்லை. எல்லாவற்றையும் தானே படித்து, அர்த்தம் பண்ணிக்கொண்டு, ஒரே ஒரு பதில் சொல்லும். போன வருடத்திலிருந்து அது பாதாளத்துக்கும் போக ஆரம்பித்துவிட்டது. கோர்ட்டுக் கட்டுகள், பழைய ஸ்டேஷன் காகிதங்கள், ஆஸ்பத்திரிப் பதிவுகள் என்று எந்தத் தேடலுக்கும் எட்டாமல் பூட்டிக் கிடந்ததையெல்லாம் ஸ்கேன் பண்ணி அதன் வாயில் போட்டார்கள். நல்லதுக்குத்தான் என்றார்கள். நானும் நம்பினேன்.

"போலீசு என்ன சொன்னாங்க?"

"கூட்டிப்போய் உக்கார வச்சு விசாரிச்சாக. கேஸும் இல்ல, பொணமும் இல்ல, போய்யான்னு அனுப்பிட்டாக. ஆனா பிள்ளையப் பெத்தவுக போலீசையா கேக்குறாக? விடையைத்தானே கேக்குறாக."

"நான் செத்துட்டேன்னு அது சொல்லுதே, நீ எப்படி என்னைக் கண்டுபிடிச்சே?"

"வாயைத் திறந்து கேட்டேன். உங்க சித்தி மக திருப்பூர்னு சொன்னாக. அப்புறம் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்குனேன்."

கெட்டிக்காரி. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மீதிச் சோற்றைக் கொடுத்தேன். "இப்பவே வர்றேன், அந்தப் பொம்பளைங்க முன்னாடி வந்து நிக்கறேன். போதுமில்ல?" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "முகத்தை வச்சு இப்ப யாரு நம்புறா பெரியம்மா? யாரு முகத்தை வேணும்னாலும் யாரும் செஞ்சு காட்டுறாக. வேற எவளையோ கூட்டியாந்திருக்கான்னு சொல்லிருவாக. விடை சொல்லணும், நீங்க உசுரோட இருக்கீகன்னு. அது சொன்னாத்தான் உண்டு."

அப்புறம் விடை ஆதாரமாகக் காட்டுகிற காகிதத்தைப் போனில் காட்டினாள். எங்கள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒச்சப்பன் கொடுத்த வாக்குமூலம். முத்து முத்தான கையெழுத்து. 'என் மனைவி பேச்சியம்மாளை நேற்றைய தினம் ஊரார் முன்னிலையில் நானே அறுத்துவிட்டேன். இனி அவளுக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.' படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அந்த 'நானே' கண்ணில் பட்டது.

எங்கள் பக்கம் அத்துவிடுவது என்று ஒன்று உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துவரவில்லையா, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு, அத்துவிட்டாச்சு என்பார்கள். அவ்வளவுதான். அவரவர் வழி அவரவருக்கு. கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அதற்கப்புறம் என் தம்பிக்கும் அவர் பங்காளிகளுக்கும் கைகலப்பு வந்து, வெட்டுக்குத்தில் போய் முடியக் கூடாது என்று ஸ்டேஷனில் எழுதி வாங்கினார்கள். ஒச்சப்பன் 'அத்துவிட்டேன்' என்றுதான் சொல்லியிருப்பார். ஸ்டேஷன் ரைட்டர் தமிழ் படித்த மனுஷன். பேச்சுத் தமிழை எழுதலாமா என்று திருத்தி, 'அறுத்துவிட்டேன்' என்று இலக்கண சுத்தமாக எழுதிவிட்டார். நாசமாய்ப் போன இலக்கணம்!

அதைவிட இன்னொன்று இருக்கிறது. அத்துவிடச் சொன்னது அவர் இல்லை. நான்.

அவர்மேல் குறை ஒன்றும் இல்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், பேசவும் மாட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வழக்கத்தில் ஆம்பளை அத்துவிட்டால் அந்தப் பெண் இன்னொரு கல்யாணம் கட்டிக்கொள்ளலாம், யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச மாட்டார்கள். பொம்பளை கேட்டு வாங்கினாள் என்று தெரிந்தால் போச்சு. அவள் ஊருக்குள் கால் வைக்க முடியாது, அவள் தங்கச்சிகளைக் கட்டவும் ஒருத்தன் வர மாட்டான். எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். அதனால் அத்தனை பேர் நடுவிலும் அவர் எழுந்து, "நானேதான் அத்துவிடுறேன், இவ மேல தப்பில்ல" என்றார். காகிதத்தில் இருக்கிற அந்த 'நானே' எனக்காகச் சொன்னது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இப்போது அவர் வேன் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள்.

மறுநாளே கோயம்புத்தூரில் விடையின் திருத்த மையத்துக்குத் தவமணியோடு போனேன். கண்ணாடி அறையில் ஆல்வின் என்று ஒரு பையன். மரியாதையானவன், பொறுமையானவன், உருப்படியாக ஒன்றும் செய்யாதவன்.

"அம்மா, நீங்க உயிரோட இருக்கறதுக்கு ஆதாரம் வேணும்."

"முன்னாடி உக்காந்திருக்கேனே கண்ணு, தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுங்கம்மா. விடைக்குத் தெரியணும்ல."

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்லைன்னு சொல்லு. அத்துவிடறதுன்னா எங்க ஊர்ல கல்யாணத்தைத் தீர்த்துவிடறது. எழுதின மனுஷன் நாகரிகமா எழுதறேன்னு கெடுத்துட்டான்."

அவன் எதையோ தட்டிப் பார்த்தான். "எழுத்துல இருக்கற மொத்தத் தமிழையும் படிச்சுத்தான் அது அர்த்தம் கத்துக்கிச்சு. ஒருத்தன் ஒருத்தியை அறுத்துட்டான்னு எழுதியிருந்தா, முக்காவாசி இடத்துல கொலைதாங்கம்மா. நீங்க சொல்ற அர்த்தம் எழுத்துல இல்லவே இல்லைன்னு சொல்லலாம்."

"நாங்க எழுதறவங்க இல்ல தம்பி. பேசறவங்க."

"அதாங்கம்மா பிரச்சினை. அதோட அந்த வாக்குமூலத்துக்கு அப்புறம் பேச்சியம்மாங்கற பேர் எந்தப் பதிவுலயும் இல்ல. ரேஷன் கார்டு இல்ல, ஓட்டு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. ரெண்டையும் விடை சேர்த்துப் பார்த்திருக்கு. தனக்கு எதிரா ஒருத்தர் தானே சொன்ன வார்த்தையை அது ரொம்ப நம்பும். யாரும் தன்மேலயே பொய்ப்பழி போட்டுக்க மாட்டாங்கன்னு கணக்கு."

"ஒருத்தர் போட்டுக்கிட்டாரே!" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

பேச்சியம்மாள் எங்கே போனாள் என்றால், பத்மாவதியாகிவிட்டாள். திருப்பூரில் என்னைக் கட்டிக்கொண்ட கந்தவேல் வைத்த பெயர் அது. எல்லாம் தெரிந்துதான் கட்டினார். அவர் வீட்டில் என்ன ஆளு, என்ன சாதி என்று கேட்பார்களே, அதற்காக வெள்ளகோயில் பக்கம், தாய் தகப்பன் இல்லாத சொந்தக்காரப் பெண் என்று அவரே கதை கட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் மகள் பிருந்தாவை அவர் சாதியிலேயே, வசதியான இடத்தில் கொடுத்திருக்கிறோம். கையில் ஆறு மாதப் பேத்தி. நான் யார் என்று பிருந்தாவுக்கே தெரியாது.

"நான் கைரேகை வச்சா என்ன ஆகும்?"

ஆல்வின் திரையை என் பக்கம் திருப்பினான். "பேச்சியம்மாவும் பத்மாவதியும் ஒரே ஆள்னு விடை இணைச்சிடும். ஒருக்கா இணைச்சாப் பிரிக்க முடியாதுங்கம்மா."

"யாருகிட்டல்லாம் சொல்லும்?"

"கேக்கறவங்களுக்கு மட்டுந்தான்."

"யாருப்பா கேக்காம இருப்பாங்க?"

தவமணி என் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, யோசிச்சுக்கங்க. அப்பாவே உங்களைத் தேடிப் போகாதேன்னுதான் சொன்னாக" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேனோ என்னவோ. விரலை வைத்துவிட்டேன்.

என்னிடம் கேட்ட கேள்விகளுக்கும் குரல் பதிவில் பதில் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை, அடித்ததுகூட இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டு நாளில் பதில் மாறும் என்றான் ஆல்வின்.

மாறியது. நல்லா மாறியது.

'பேச்சியம்மாள் உயிருடன் இருக்கிறார். கணவர் ஒச்சப்பன் கழுத்தை அறுத்ததில் உயிர் தப்பியவர். அச்சத்தால் ஊரைவிட்டு வெளியேறி, பெயரையும் அடையாளத்தையும் மாற்றிக்கொண்டு பத்மாவதி என்ற பெயரில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தலைமறைவாக வாழ்கிறார். கணவர் தன்னைத் துன்புறுத்தவில்லை என்று இப்போதும் கூறுகிறார். பாதிக்கப்பட்டவர்கள் இவ்வாறு மறுப்பது வழக்கம்.'

தலையில் அடித்துக்கொண்டேன். செத்தாலும் குற்றம், பிழைத்தாலும் குற்றம். தவமணி போனில் அழவில்லை; அழுதிருந்தால் தேவலை. "முன்னயாச்சும் சந்தேகம்னு சொன்னாக பெரியம்மா. இப்ப, ஒளிஞ்சு வாழுற அளவுக்குக் கொடுமை பண்ணிருக்கான்னு சொல்றாக. அப்பா வெளிய தலை காட்டல" என்றாள்.

அன்று சாயங்காலமே என் சம்பந்தியம்மா சுலோச்சனா வந்துவிட்டார். கூடவே பிருந்தா, இடுப்பில் குழந்தை. மூன்று பேரும் என் கழுத்தையே பார்த்தார்கள். குழந்தை சங்கிலியைப் பார்த்தது. மற்ற இரண்டு பேரும் தழும்பைத் தேடினார்கள்.

"ஏனுங் சம்பந்தி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" சுலோச்சனாவின் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது. "உசுருக்குப் பயந்து ஓடியாந்திருக்கறீங்க. ஊரு மாத்திச் சொன்னீங்க, ஆளு மாத்திச் சொன்னீங்க, அதெல்லாம் தப்புன்னு நாங்க சொல்லுவமுங்களா? எங்க வூட்டுக்காரரே, பாவம் அந்தம்மான்னு சொல்லிப்போட்டாருங்."

பிருந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "எவ்வளவு வலியைம்மா உள்ளயே வச்சிருந்திருக்கே!"

வலியாவது மண்ணாவது. இத்தனை வருடம் எதற்குப் பயந்தேனோ அது வாசலேறி வந்து, பரவாயில்லை என்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். என்னால் அது முடியவில்லை.

"அவர் அறுக்கலீங்க சம்பந்தி. அத்துவிட்டாரு. எங்க பக்கம் கல்யாணத்தைத் தீர்த்துவிடறதுக்கு அப்படிச் சொல்லுவாங்க. அதுவும் நானாக் கேட்டு வாங்கினது. அவரு நல்ல மனுசன்."

சுலோச்சனாவின் முகத்தில் இருந்த ஈரம் காய்ந்துபோனது. "அப்படீன்னா... புருசன் நல்லா இருக்கறப்பவே நீங்களா உட்டுப்போட்டு வந்தீங்களா? வந்து, ஆளையும் மாத்திச் சொல்லி எங்க சனத்துல பூந்தீங்களா?" வாசலை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேண்டாமுங். அவன் அறுத்தான்னே இருக்கட்டும். விடையே சொல்லுது. நீங்க எதுவும் பேசாதீங்க. எங்க வூட்டுல இதைச் சொல்லிப்போடாதீங்க, அப்புறம் உங்க புள்ளைக்கு நான் பொறுப்பில்லீங்."

அவர் காருக்குப் போன பிறகு பிருந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, ப்ளீஸ்மா. யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்காக என் வாழ்க்கையைக் கெடுத்துடாதே. நீ சும்மா இருந்தாப் போதும்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு அவர் யாரோதான். அந்த யாரோ அன்றைக்கு எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் நான் திருப்பூருக்கு வந்திருக்க மாட்டேன், இவள் பிறந்திருக்கவே மாட்டாள். இதை எந்தத் தமிழில் அவளுக்குச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினேன். வேன் வாசலில் நின்றது. உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டியிருந்தார்கள். ஒச்சப்பன் தோளில் துண்டோடு படியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார், துண்டைச் சரிபண்ணினார்.

"எதுக்கு வந்தே? நல்லாத்தானே இருந்தே."

"நான்தான் கேட்டேன்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா உன் தங்கச்சிகளை யாரு கட்டுவா?"

"இப்ப உங்க பொழப்புப் போச்சே!"

"வேற ஏதாச்சும் பார்த்துக்கிறலாம். பிள்ளைக இறங்குறப்ப 'டாட்டா தாத்தா'ன்னு சொல்லும்ங்க. அதுதான்." அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. கல்யாணமான புதிதிலும் இப்படித்தான், பாதியில் நின்றுவிடுவார். அன்றைக்கு எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு மீதியை நானே சொல்லிக்கொண்டேன்.

தவமணி காப்பி கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. தனக்கு எதிராக ஒருத்தர் தானே சொன்னால் விடை நம்பும் என்று கோயம்புத்தூர்ப் பையன் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பற்றி நல்லதாக நான் எதைச் சொன்னாலும் அதற்குப் பெயர் பயம். என்மேல் நானே சொல்லிக்கொண்டால்? போனை எடுத்து, விடையைத் திறந்து, கைரேகை வைத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பேசாத மனுஷனுக்குப் புரிந்துவிடும். "பேச்சி, வேணாம்" என்று கையை நீட்டினார்.

"நீங்க மட்டும் சொல்லலாமாக்கும்?" என்றேன்.

ஸ்டேஷன் ரைட்டரின் தமிழிலேயே, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "என் கணவர் ஒச்சப்பன் என்னை அறுக்கவில்லை. நான்தான் அவரை அறுத்துவிட்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காக, ஊரார் முன்னிலையில் பழியை அவர் தன்மேல் போட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் ஊரைவிட்டுப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டேன்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யார் வேண்டுமானாலும் எங்கள் ஊரில் விசாரித்துப் பார்க்கலாம்.

விடை அதை உடனே நம்பியது. இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 'ஒச்சப்பன் பாதுகாப்பான ஓட்டுநர். மனைவியின் கொலை முயற்சிக்கு ஆளாகியும், அந்தப் பழியைத் தானே ஏற்றவர்' என்கிறது இப்போது. வேனுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. பிள்ளைகள் முன்பைவிட இரண்டு பேர் அதிகமாம். தவமணி போன் பண்ணினாள்: "பிள்ளையை ஏத்தி விடுற அம்மாக்கள் எல்லாரும் அப்பா கழுத்தையே பாக்குறாக பெரியம்மா. துண்டுக்குள்ள தழும்பு இருக்குதுன்னு நினைச்சுக்கிறாக. அப்பா ஒண்ணும் சொல்றதில்ல." அவர் எப்போதும் துண்டு போடுகிறவர்தான்.

பிருந்தாவின் நம்பருக்கு அடித்தால் மணி போகிறது, யாரும் எடுப்பதில்லை. பேத்திக்குப் பல் முளைத்திருக்கும். கம்பெனியில் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, பேக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். போகிற வழியில் செக்கிங் மேஜையைத் தாண்டினால் பெண்கள் பிசிர் வெட்டுகிற கத்தரியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள். எட்டு வருடம் நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்கள். ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நேற்று விடையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பேச்சியம்மாள் உயிரோடு இருக்கிறாளா?

'இருக்கிறார்' என்றது. 'நீங்கள் அவருக்கு அருகில் இருந்தால், கவனமாக இருங்கள்.'